பீப்பாய் மூச்சு விடும்

அப்பா போன பிறகு பத்தமடை வீட்டின் பின்கட்டு அறையைத் திறக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. சாவி அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது; கேட்கும் துணிவு எங்கள் யாருக்கும் வரவில்லை. சென்ற மாதம் அம்மாவே போன் செய்தாள். வியாழக்கிழமை பழைய இரும்புக்கடைக்காரர் வருகிறார், அதற்குள் வந்து எதைக் கழிப்பது, எதை வைப்பது என்று சொல்லிவிட்டுப் போ என்றாள். ஞாயிறு காலை பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினேன்.

அறையில் ஸ்பேனர்கள் அளவு வாரியாக ஆணிகளில் தொங்கின. மரப்பலகையில் ஆயில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. அடிப்பாகம் துருவேறிய 5 லிட்டர் தகர டின் ஒன்று. எஸ்ஏஇ 40 தடிமன் ஆயில், டீசல் இன்ஜினுக்கானது, 2009இல் பேக் செய்தது, சீல் உடைக்காதது. 2019இல் பேக் செய்த 20டபிள்யூ-40 ஒரு லிட்டர் பாட்டில், அதுவும் சீலோடு. டிவிஎஸ் 50க்கு ஊற்றும் 2டி ஆயில் அரை லிட்டர், மூடி அரைகுறையாகத் திருகப்பட்டு. லேபிள் அழிந்த, பாதி காலியான ஒரு பிளாஸ்டிக் கேன். கடைசியாக, கலர் வாங்கிக் குடித்த 2 லிட்டர் பாட்டில் ஒன்றில் கன்னங்கரேலென்று ஏதோ.

“இதெல்லாம் கெட்டுப்போயிருக்குமா?” என்று அம்மா கேட்டாள். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்பா இருந்திருந்தால் மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, மோந்து பார்த்துச் சொல்லியிருப்பார்.

அப்பா ரைஸ்மில்லில் இன்ஜின் டிரைவர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நெல் அறுவடையானால் மில்லுக்கு ஓய்வே கிடையாது. ஆளுயரச் சக்கரம் வைத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின் அது. அதன் சத்தத்தைக் கேட்டு ஊரில் நேரம் சொன்னவர்கள் உண்டு. மின்சார மோட்டார் வந்து அந்த இன்ஜின் ஓய்ந்த பிறகும் அப்பாவுக்கு ஆயில் மீதிருந்த மரியாதை குறையவில்லை. மீந்த ஆயிலைக் கீழே ஊற்ற மாட்டார், வெளியே எறியவும் மாட்டார். ஆச்சி நல்லெண்ணெய் ஜாடியைப் பார்த்துக்கொண்ட மாதிரி இவர் ஆயில் டின்னைப் பார்த்துக்கொண்டார்.

மில் முற்றத்தில் பூவரச மரத்தடியில் ஒரு ஆயில் பீப்பாய் எப்போதும் கிடக்கும். கிடக்கும் என்றுதான் சொல்ல வேண்டும், நிற்காது. இரண்டு சட்டங்களின்மேல் படுக்கை வாட்டில் கிடத்தி, உருளாமல் இருபுறமும் முட்டுக் கொடுத்திருப்பார். அதன் வட்ட முகத்தில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு மூடிகள். அவை இரண்டும் இடமும் வலமுமாக ஒரே மட்டத்தில் வர வேண்டும். கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடம். புதுப் பீப்பாயை வண்டியிலிருந்து இறக்கி யாராவது நிமிர்த்தி வைத்துவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். மழை வந்தால் என்ன, மூடிதான் இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு சுமை தூக்கும் அண்ணாச்சி கேட்டதும், அதற்கு அப்பா, “பீப்பாய் மூச்சு விடும், உங்களுக்குத் தெரியாது” என்று சொன்னதும் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ரொம்ப நாள் அந்தப் பீப்பாய்க்குள் ஏதோ உயிர் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை என்று தெரிய, நான் அறிவியல் வாத்தியாராகி, பிள்ளைகளுக்கு வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவதைப் பாடம் நடத்த வேண்டியிருந்தது. 210 லிட்டர் பீப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 25 டிகிரியில் இருக்கும் ஆயில், வெயிலில் நின்று 40 டிகிரிக்குப் போனால் நூற்றில் ஒரு பங்கு பெருக்கும். அதாவது 2 லிட்டருக்குச் சற்று மேல். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றை அது நெருக்கும். மூடியின் திருகு வழியாகக் காற்று கசிந்து வெளியேறும். ராத்திரி குளிர்ந்ததும் ஆயில் சுருங்கும். வெளியே போன அளவுக்குக் காற்று உள்ளே வரப் பார்க்கும். பீப்பாய் நிமிர்ந்து நின்று, அதன் தலையில் விளிம்புக்குள் மழைநீர் தேங்கியிருந்தால்? காற்றுக்குப் பதில் அந்தத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் இறுக்கம் அதற்குப் போதாது. படுக்க வைத்து இரண்டு மூடிகளையும் ஆயில் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் மூடிக்கு உட்புறம் ஆயில் நிற்கும், வெளியே தண்ணீர் தேங்க இடமும் இருக்காது. கசிந்தாலும் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும்.

அன்று பின்கட்டில் நின்றுகொண்டு அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கெட்டுப்போச்சா இல்லையா, அதைச் சொல்” என்றாள்.

கெட்டுப்போவது என்றால் என்ன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நல்லெண்ணெய் கெட்டால் நமக்குத் தெரியும். காறல் வாடை வீசும். செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி போட்டு, வெயிலில் வைத்துத் தெளியவைத்து, ஈரக் கரண்டி படாமல் ஆச்சி காத்ததெல்லாம் அந்த வாடை வராமல் இருக்கத்தான். தாவர எண்ணெய்களின் மூலக்கூறில் ஆக்சிஜன் எளிதாகப் போய் ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுக்கும் மசகு எண்ணெயில் அந்த இடங்கள் மிகக் குறைவு. ஆகவே அது காறுவதற்கு ரொம்பக் காலம் எடுக்கும். மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மசகு போட்ட காலத்தில் அச்சில் பிசின் மாதிரி பிடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அந்த ஆமணக்குதான் ஆரம்பகால மோட்டார் இன்ஜின்களிலும் ஓடியது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து 1909இல் பிறந்தது.

எங்கள் தெரு முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி இதையே வேறு மாதிரி சொல்வார்: “கோடிக்கணக்கான வருஷம் பூமிக்கு அடியில் கெடாமல் கிடந்ததாம் சார், டப்பாவுக்குள் வந்த பிறகு மூன்று வருஷத்தில் கெட்டுவிடுமாம்!” கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் சரி. பூமிக்கு அடியில் கிடந்தது அடிப்படை எண்ணெயின் மூலப்பொருள். டப்பாவில் நாம் காசு கொடுத்து வாங்குவதில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பங்குதான் அது. மீதி, தொழிற்சாலையில் சேர்த்த மருந்துகள். கரியைக் கழுவ ஒன்று, கழுவிய கரியைத் திரளவிடாமல் மிதக்கவைக்க ஒன்று, உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் படலம் போடும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் ஒன்று, சூட்டில் ஆயில் தண்ணீராகிவிடாமல் தாங்கும் பாலிமர் ஒன்று, நுரையை அடக்கச் சிலிகோன் ஒரு துளி. இவற்றில் பெரும்பாலானவை ஆயிலில் கரைந்தே நிற்கும். ஆனால் நுரையடக்கி கரையாது. நுண்துளிகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும், ஆண்டுக்கணக்கில் அசையாமல் வைத்தால் மெல்லப் பிரியும். ஈரம் உள்ளே போனால் கதை இன்னும் மோசம். சில மருந்துகள் தண்ணீரோடு வினைபுரிந்து சிதைந்து அடியில் வண்டலாக உட்கார்ந்துவிடும். வயதாவது எண்ணெய்க்கு இல்லை, அதில் போட்ட மருந்துக்குத்தான்.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் சீல் உடைக்காத டப்பாவுக்கு 3 முதல் 5 ஆண்டு என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால், கூரைக்கு அடியில், வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் என்ற நிபந்தனை நிற்கிறது. எண்ணை நினைவில் வைத்துக்கொள்கிறோம், நிபந்தனையை விட்டுவிடுகிறோம்.

வெயிலைப் பற்றி நானும் ரொம்பக் காலம் தவறாகத்தான் நினைத்திருந்தேன். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஆயில் வெந்துபோகும் என்று பயந்திருக்கிறேன். ஓடும் இன்ஜினுக்குள் அதே ஆயில் 100 டிகிரியை ஒட்டி உழைக்கிறது. பிஸ்டன் வளையங்களுக்குப் பக்கத்தில் 200ஐயும் தாண்டுகிறது. அதற்குக் கொட்டகைச் சூடு பெரிய பொருட்டல்ல. சூட்டைவிட, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதுதான் கெடுதல், அதுதான் மூச்சை ஓட்டும் துருத்தி. பாதி காலியான 5 லிட்டர் கேனில் இரண்டரை லிட்டர் காற்று இருக்கிறது. 15 டிகிரி ஏறினால் அதில் 125 மில்லி வெளியே போகும், ராத்திரி திரும்ப உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த 125 மில்லியும் ஈரக் காற்று. தினமும் ஒரு மூச்சு என்றால் ஒரு அடைமழைக் காலத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவின் லேபிள் அழிந்த கேனைத் தூக்கிப் பார்த்தவுடனேயே எனக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம் அதன் வயதல்ல, அதன் பாதி வெறுமை.

என் அத்தை மகன் பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறார். அத்தானிடம் இந்த மூச்சுக் கதையைச் சொன்னபோது சிரித்தார். அங்கே கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கியர்பாக்ஸில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஆயில் நிற்கிறது, இன்ஜின் ஆயிலைவிடக் கனமான விஜி 320 வகை. இறக்கி ஏற்றி மாற்றுவது எளிதான காரியமா? அதனால் அந்தக் கியர்பாக்ஸ் மூச்சுவிடும் துளையிலேயே சிலிக்கா மணிகள் நிரப்பிய குப்பியை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை மணிகள் குடித்துவிடும். குடித்துக் குடித்து நிறம் மாறியதும் குப்பியை மாற்றுவார்கள். ஆனி, ஆடிக் காற்றில் இறக்கைகள் ஓயாமல் சுற்றும்போது ஆயிலைக் காப்பது அந்தச் சின்னக் குப்பி. மூச்சை நிறுத்த முடியாது, வடிகட்டத்தான் முடியும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

தண்ணீர் ஆயிலுக்கு என்ன செய்யும் என்பதை நெல்லைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை தாண்டி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றித் தண்ணீர் நின்றது. நான் அப்போது வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தேன். என் பைக் இருக்கை வரை முங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் செல்போன் கோபுரம் உயிர் பெற்றதும் அப்பாதான் முதலில் கூப்பிட்டார். எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில், “வண்டிச் சாவியைத் தொட்டுவிடாதே. கிக்கரை மிதித்துவிடாதே” என்றார். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை முடியாது. பிடிவாதமாக உதைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அவர் சொன்னபடி இன்ஜினின் அடி போல்ட்டைக் கழற்றினேன். முதலில் வந்தது ஆயில் அல்ல, சுத்தமான தண்ணீர். ஆயில் இலேசு, தண்ணீர் கனம். அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பால் தூக்கலாகப் போட்ட காப்பி நிறத்தில் கூழாக ஒன்று இறங்கியது. தண்ணீரும் ஆயிலும் கடைந்து கலந்தால் அந்த நிறம். வண்டி ஓடாமலே அவ்வளவு கலந்திருந்தது என்றால், ஓட்டிப் பார்த்தவர்களின் இன்ஜினுக்குள் எப்படி இருந்திருக்கும்! ஒர்க்‌ஷாப் வாசல்களில் அந்த வாரம் வண்டிகள் ரேஷன் கடை வரிசையைப் போல நின்றன. விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடிப்பது, நிறம் பார்ப்பது, மறுபடி ஊற்றுவது. என் வண்டிக்கு மூன்றாவது தடவைதான் ஆயில் ஆயில் நிறத்தில் இறங்கியது.

அந்த வெள்ளத்தில் என் அலமாரியும் முங்கியது. அதில் புது ஆயில் பாட்டில் இரண்டு. ஒன்றின் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாள் முழுதாக இருந்தது. வெளியே நன்றாகக் கழுவித் துடைத்து, பின்னால் அதை வண்டிக்கே ஊற்றினேன், ஒரு குறையும் இல்லை. மற்றொன்று திறந்து மூடியது. மூடியை இறுக்கித்தான் வைத்திருந்தேன். உள்ளே காப்பி.

சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி ஒரு வழி வைத்திருக்கிறார். பழைய இரும்புக் கரண்டியைக் காயவைத்து, அடுப்பை விட்டு விலகி, அதில் ஒரே ஒரு சொட்டு விடுவார். சும்மா பரவிப் புகைந்தால் ஈரம் இல்லை. கடுகு தாளித்த மாதிரி படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம், அடுக்களையில் வேண்டாம். அப்பாவின் பாதிக் கேன் ஆயிலை ஊருக்கு எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். படபடத்தது.

2டி ஆயில் சமாச்சாரம் தனி. பெட்ரோலில் சீக்கிரம் கலப்பதற்காக அதில் கொஞ்சம் கரைப்பான் சேர்த்திருப்பார்கள். மூடி சரியில்லாத பாட்டிலிலிருந்து அது ஆவியாகி, மிச்சம் பாகு மாதிரி தடித்துவிட்டது. டிவிஎஸ் 50ஐயும் விற்று வருடங்கள் ஆகிவிட்டன. அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

வயதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆயில் கெடவே இல்லாமல் இருந்தும் உங்கள் வண்டிக்கு ஆகாததாக இருக்கலாம். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் காருக்கு ஆயில் மாற்றியபோது 5டபிள்யூ-30 முழுச் செயற்கை ஆயில் ஒரு லிட்டருக்குக் கிட்டே மீந்தது. விலை உயர்ந்த ஆயில், புதியது, வீணாக்குவானேன் என்று என் பைக்கில் ஊற்றினேன். அப்பாவின் பிள்ளை அல்லவா! ஒரு வாரம் கழித்து ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். காரில் கிளட்ச் காய்ந்த இடத்தில் தனியாக இருக்கும். பைக்கிலோ இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் அதில் நனைந்துகொண்டேதான் பிடிக்க வேண்டும். எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கைச் சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் தட்டுக்கு எதிரி. இதற்காகவே ஜப்பானியர்கள் 1998இல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ தரத்தை வகுத்தார்கள். கியர் பைக் என்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. கிளட்ச் தட்டு மாற்றிய செலவில் நான்கு லிட்டர் ஆயில் வாங்கியிருக்கலாம்.

டப்பாவில் போட்டிருக்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தர எழுத்துகளும் அப்படித்தான். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து ஆங்கில வரிசையில் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு புதிய தரம்; 2010இல் எஸ்என், 2020இல் எஸ்பி. புதிய தரத்தைப் பழைய பெட்ரோல் காருக்குப் போடலாம். பழைய தரத்தைப் புதிய வண்டிக்குப் போடக் கூடாது. அலமாரியில் பத்து வருடம் தூங்கிய டப்பா கெடாமல் இருக்கலாம், அதற்குள் உலகம் இரண்டு எழுத்து தாண்டிப் போயிருக்கும். 20டபிள்யூ என்பதில் வரும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கும் ஊரில் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நமக்கு அதிகம் உதவுவது பின்னால் வரும் 40தான். சூடேறிய பிறகும் எவ்வளவு தடிமன் நிற்கிறது என்பதை அது சொல்கிறது.

2019 பாட்டில் இந்தச் சோதனைகளில் எல்லாம் தேறியது. சீல் உண்டு, அலுமினியத் தாள் உண்டு, ஜாசோ எம்ஏ உண்டு, அப்பாவின் பைக்குக் கையேட்டில் சொன்ன தடிமனும் அதுதான். வருடக் கணக்கில் ஐந்தைத் தாண்டிவிட்டதே என்றால், தாண்டிவிட்டதுதான். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஆயிலுக்காகப் புது வண்டியை வைத்து இந்தச் சூதாட்டம் ஆடமாட்டேன். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் நினைத்தே பார்க்கமாட்டேன். அப்பாவின் பைக் இருபது வயதுக் கிழவர். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். தேன் மாதிரி தெளிவு. வண்டல் இல்லை, கலங்கல் இல்லை. ஊற்றினேன்.

அதற்கு முன் வண்டிக்குள் இருந்த ஆயிலை வடிக்க வேண்டியிருந்தது. எட்டு மாதமாக ஓடாத வண்டிதானே, உள்ளே இருப்பது புதிது போலத்தானே என்று தம்பி கேட்டான். நேர்மாறு. டப்பாவில் இருக்கும் ஆயிலைவிட இன்ஜினுக்குள் சும்மா இருக்கும் ஆயிலுக்குத்தான் ஆயுள் குறைவு. எரிந்த புகையிலிருந்து வந்த அமிலம், ஈரம், எரியாத பெட்ரோல் எல்லாம் அதில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. சந்தைக்கும் கோயிலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் வண்டிகளில் இது இன்னும் அதிகம்; இன்ஜின் சூடேறி ஈரம் ஆவியாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான்.

கலர் பாட்டிலில் இருந்தது அப்படி வடித்த பழைய ஆயில். கரையான் அரிக்காமல் இருக்க வேலிக்கால்களுக்குப் பூசுவது அப்பாவின் பழக்கம். இந்த ஒன்றில் அவரோடு எனக்கு எப்போதும் சண்டை. முதலாவது, குடிக்கிற பாட்டிலில் அதை ஊற்றி வைத்தது. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு. இரண்டாவது, இன்ஜினுக்குள் உழைத்த ஆயிலில் சேரும் கரியும் சேர்மங்களும் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்க்குக் காரணமாகலாம். மண்ணில் ஊற்றினால் கிணற்றில் இறங்கும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் சேர்த்தி. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் போக வேண்டும். பாட்டிலையும் படபடத்த கேனையும் பாகாகிப் போன 2டியையும் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவரிடம் வந்து மொத்தமாக எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் ஆயில் பாட்டில்களை மட்டும் அப்படியே எடைக்குப் போடாமல் கத்தியால் கீறிவிட்டுப் போடுங்கள் என்று அவர் சொன்னார். நல்ல லேபிளோடு போகும் காலி பாட்டில் போலி ஆயிலோடு திரும்பி வரும்.

என் வீட்டு ஏற்பாடு இப்போது எளிது. தேவைக்கு மேல் வாங்குவதில்லை. வாங்கும்போது பேக் செய்த மாதமும் வருடமும் பார்க்கிறேன். கடைக்காரர் முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுப்பதைத் திருப்பிப் பார்க்க வெட்கப்படுவதில்லை. சிமென்ட் தரையில் வைக்காமல் பலகைமேல், மாடிப்படிக்கு அடியில், வெயிலும் சாரலும் எட்டாத இடத்தில். திறந்ததை மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வைக்கிறேன், ஒரு வருடம் தாண்டினால் இன்ஜினுக்கு இல்லை. பாதியாகிவிட்டால் சின்னப் பாட்டிலுக்கு மாற்றி விளிம்பு வரை நிரப்பிவிடுகிறேன். மூச்சு விட இடமில்லாமல் போகட்டும். பாட்டில் அதே ஆயிலின் காலிப் பாட்டிலாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியோ டின்னோ கூடவே கூடாது. ஆயிலில் உள்ள மருந்துகள் அந்தப் பூச்சோடு வினைபுரிந்து சவர்க்காரம் மாதிரி ஒன்றை உண்டாக்கும்.

மிச்சம் 2009 டின். அதை இரும்புக்கடைக்குப் போட அம்மாவுக்கு மனமில்லை. மில் இன்ஜின் ஓடிய காலத்து ஆயில் வகை. ஊற்ற இன்ஜின் இல்லை, இருந்தாலும் பதினைந்து வருடத்துக்கு மேலான டின்னை நம்பி ஊற்றமாட்டேன். அடிப்பாகம் ஓட்டையாகும் நிலைமை. ஆகவே திறந்து, அசைக்காமல் மேலாக உள்ளதை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கேனுக்கு வடித்தேன். அடியில் சேறு போல ஒரு கரண்டி வண்டல் மட்டும் நின்றது. மேலே இருந்தது நன்றாகவே இருந்தது. அப்பா மாதிரி ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தேன், மோந்தும் பார்த்தேன். மில் வாசனை.

மண்வெட்டி, அரிவாள், கடப்பாரைக்குத் துருப் பிடிக்காமல் துணியில் தொட்டுப் பூசினோம். கிணற்றுக் கப்பிக்கு இரண்டு சொட்டு. தையல் மெஷினுக்கும் விடலாமா என்று அம்மா கேட்டாள். 40 தடிமன் அதற்கு ரொம்பக் கனம், துணியெல்லாம் கறையாகும், வேண்டாம் என்றேன். கடைசியாக முன்வாசல் இரும்புக் கேட்டின் கீல்களுக்கு விட்டேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்த கிறீச்சிடல் அது. இப்போது சத்தமே இல்லாமல் திறக்கிறது. யார் உள்ளே வருகிறார்கள் என்றே தெரியவில்லை என்று போனில் தினமும் குறைப்பட்டுக்கொள்கிறாள்.